ரோல் முடிக்க எடுத்த படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படம் எடுப்பதை விட்டுவிட்டுக் கொஞ்சம் வாழுங்கள் என்று அறிவுரை சொல்லி, சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல தமிழில், நல்ல கோபத்தோடு எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியைத்தான் அப்படியே விழுங்க முடியவில்லை. கேமராவைத் தூக்குகிறவன் அந்த நிமிடமே வாழ்க்கையை விட்டு வெளியே போய் நின்றுவிடுகிறான் என்கிறார். நான் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் எடுத்த படங்களைக் கழுவி, காகிதத்தில் காப்பி போட்டுக் கொடுத்தவள். யார் வெளியே நின்று எடுத்தார்கள், யார் உள்ளே இருந்து எடுத்தார்கள் என்பது நெகட்டிவை, அதாவது கறுப்பும் வெளுப்பும் இடம் மாறித் தெரியும் கழுவிய ஃபிலிமை, தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாலே எங்களுக்குத் தெரியும். அந்த உரிமையில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அடுத்த இரண்டு பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம் எடுக்கலாம். பிறந்தநாளோ கல்யாணமோ சுற்றுலாவோ, எதற்காக ரோல் போட்டார்களோ அது முப்பது படத்துக்குள் முடிந்துவிடும். மிச்சத்தை வீணாக்கிவிட்டு ரோலைக் கழற்ற மனம் வராது. அடுத்த விசேஷம் வரை கழுவாமல் வைத்திருக்கவும் பொறுமை இருக்காது. அதனால் வீட்டுக்குப் போய், எதிரில் என்ன இருந்ததோ அதை எடுத்து ரோலை முடித்துக்கொண்டு வருவார்கள். குப்புறப் படுத்துத் தூங்கும் தம்பி. கதவோரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கழற்றிப் போட்ட செருப்புகள். துணி மடித்துக்கொண்டே "என்னை எதுக்குடா எடுக்கிற" என்று பாதி திரும்பிய அம்மா. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எதையோ பிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை. ரோலைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்: "கடைசி அஞ்சாறு சும்மா எடுத்தது, அதுக்குக் காப்பி வேண்டாம்." நாங்களும் போடமாட்டோம். காய்ந்த ஃபிலிமை ஆறாறாக வெட்டி உறையில் போடும்போது, அந்தக் கடைசித் துண்டை மட்டும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். விசேஷத் துண்டுகளில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி நிற்பார்கள்: உயரமானவர் பின்னால், குழந்தைகள் முன்னால், யாரோ ஒருவர் கண்ணை மூடியிருப்பார். அது எப்படிப்பட்ட வீடு என்று கடைசித் துண்டில்தான் தெரியும்.

ஒரு பெண் வந்தார். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் உறையொன்றைக் கொண்டுவந்து, அப்பா தவறிவிட்டார், ஆல்பத்தில் இல்லாத படம் ஏதாவது இதில் தேறுமா என்று கேட்டார். கடைசித் துண்டில் ஒன்று தேறியது. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் வைத்து, காகிதத்தில் வெளிச்சம் காட்டி, படத்தை எழுப்பும் டெவலப்பர் தட்டில் போட்டேன். சிவப்பு விளக்கில் படம் எழும்பி வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் கறுப்புதான் வரும்: தலைமுடி, ஜன்னல் கம்பி, கண்ணின் பாப்பா. வெள்ளைப் பக்கம் வெகுநேரம் வெறும் காகிதமாகவே இருக்கும். இந்தப் படத்தில் பாதி முகம் வரவே இல்லை. கெட்டுப்போன நெகட்டிவ் என்றுதான் நினைக்கத் தோன்றும். பிறகுதான் அது நுரை என்று தெரிந்தது. ஜன்னல் கம்பியில் தொங்கும் சிறு கண்ணாடி, அதற்குள் சவர நுரை பூசிய முகம், கண்ணாடிக்கு வெளியே காதும் கழுத்தைச் சுற்றிய துண்டும். இடது கை விரல் ஒன்றால் மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்து, மேலுதட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார். பிளேடு இன்னும் பக்கத்தில் வரவில்லை. "ஐயோ, இந்த மூக்கைத் தூக்கறது!" என்று அந்தப் பெண் சிரித்தார், பிறகு பேசவில்லை. யார் எடுத்தது என்று கேட்டேன். "நான்தான். சின்னப் பொண்ணு. ரோலை முடிச்சிடுன்னு அப்பாவே கேமராவைக் கையில கொடுத்துட்டு சவரம் பண்ணப் போயிட்டார்."

இப்போது கட்டுரையாளரிடம் கேட்கிறேன். அந்தச் சிறுமி வாழ்க்கைக்கு வெளியே நின்றா அந்தப் படத்தை எடுத்தாள்? அடுத்த நொடி அப்பா மூக்கைத் தூக்குவார் என்று தெரிந்தவளால் மட்டுமே எடுக்க முடிந்த படம் அது. அது தெரிய வேண்டுமென்றால் தினமும் காலையில் அந்தக் கண்ணாடிக்குத் தன் முறை எப்போது வரும் என்று பின்னால் காத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எவ்வளவு பெரிய புகைப்படக் கலைஞரைக் கூட்டி வந்து அந்த அறையில் நிறுத்தினாலும் அவருக்கு அது கிடைக்காது. அவரைப் பார்த்ததும் அப்பா முகத்தைக் கழுவிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்.

கட்டுரையில் ஓர் ஆராய்ச்சியைச் சொல்லியிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் படம் எடுத்துக்கொண்டே போனவர்கள், சும்மா பார்த்துக்கொண்டு போனவர்களை விடப் பொருள்களைக் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள் என்பது. உண்மைதான். லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதிலேயே இன்னொரு பாதியும் இருக்கிறது, கட்டுரையில் அது வரவில்லை. பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும், ஒரு சிலையின் காலையோ கையையோ, நெருக்கிப் பிடித்து எடுத்தவர்களுக்கு இந்த மறதி வரவில்லை. எடுக்காத பகுதிகூட அவர்கள் நினைவில் நின்றது. மொத்தமாக ஒரு க்ளிக் அடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடியவர்கள்தான் மறந்தார்கள். 2016-இல் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், படம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களை விடப் பல அனுபவங்களை அதிகமாக ரசித்தார்கள் என்றும் வந்திருக்கிறது. காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எதை எடுக்கலாம் என்று தேடுகிற கண் சும்மா இருப்பதில்லை. ஆக, குறை கேமராவிடம் இல்லை, அவசரத்திடம் இருக்கிறது. அவசரக்காரனுக்குக் கேமரா இல்லாவிட்டாலும் ஒன்றும் நினைவிருக்கப் போவதில்லை.

படம் எடுப்பது ஏதோ நேற்று செல்போனோடு வந்த நோய் போலவும், அதற்கு முன் கேமரா என்பது கலைஞர்கள் கையில் பத்திரமாக இருந்தது போலவும் ஒரு தொனி கட்டுரையில் இருக்கிறது. இது வரலாறு தெரியாத பேச்சு. இன்றும் மிச்சமிருக்கும் மிகப் பழைய கேமராப் படம், பிரான்ஸில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. தார் போன்ற ஒரு பூச்சைத் தகட்டில் தடவிப் பல மணி நேரம் வெளிச்சம் காட்டினார். சூரியன் நகர்ந்துகொண்டே போனதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கும். இன்று நம்மிடம் இருப்பதில் மிகப் பழைய நெகட்டிவ், இங்கிலாந்தில் டால்பட் 1835-இல் எடுத்தது. அதுவும் அவர் வீட்டு ஜன்னல்தான், தபால்தலை அளவுக்கு. பாரிஸில் தாகேர் 1838-இல் ஒரு பெரிய வீதியைத் தன் ஜன்னலிலிருந்து எடுத்தார். வெளிச்சம் காட்ட நிமிடக் கணக்கில் ஆனதால், ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் தகட்டில் பதியவே இல்லை, வீதி காலியாகக் கிடக்கிறது. ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். அவர் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு செருப்புத் துடைக்கிறவரிடம் நின்றிருந்தார். உருவம் தெரியும்படி போட்டோவில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவர் அவர். பெயர் தெரியாது. ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

1888-இல் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர் கோடாக் கேமராவை விற்க வந்தபோது, உள்ளே நூறு படத்துக்கு ஃபிலிம் போட்டே கொடுத்தார். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் கழுவி, வட்ட வட்டமாகக் காப்பி போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். "பட்டனை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அவர்கள் விளம்பரம். அந்த "மற்றது"தான் பின்னாளில் என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டது என்பதால் எனக்கு அந்த வாசகத்தின் மேல் தனிப் பிரியம். 1900-இல் குழந்தைகளுக்கென்றே பிரவுனி என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விட்டார்கள். அன்றைக்கும் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். கண்டவன் கையில் எல்லாம் கேமரா போய்விட்டது என்ற புலம்பல் நூறு வருடத்துக்கு மேல் பழையது, ஐயா.

கண்டவன் கையில் போனதால்தான் நமக்கு லார்டீக் என்ற புகைப்படக்காரர் கிடைத்தார். 1894-இல் பிறந்த பிரெஞ்சுப் பையன். ஏழெட்டு வயதில் அப்பா கேமரா வாங்கிக் கொடுக்க, அண்ணன் பறக்க முயன்றதையும், மாடிப்படியிலிருந்து உறவுக்காரப் பெண் குதித்ததையும், வீட்டு நாயையும் எடுத்துத் தள்ளினான். ஆல்பம் ஆல்பமாக ஒட்டி வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு வாழ்ந்தார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1963-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. இங்கே நம் பக்கம் உம்ராவ் சிங் ஷேர்-கில் இருந்தார். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்த பண்டிதர், ஓவியர் அம்ரிதாவின் அப்பா. தன்னையும் மனைவியையும் இரண்டு மகள்களையும் வீட்டுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார். இவர்கள் யாரும் வாழ்வதை நிறுத்திவிட்டுப் படம் எடுத்ததாகத் தெரியவில்லை.

வாழ்க்கை சுருங்கிப்போனபோது கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. யோசெஃப் சூடெக் என்ற செக் புகைப்படக் கலைஞர் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1940-இலிருந்து தன் சின்ன ஸ்டுடியோவின் ஜன்னலையே எடுக்கத் தொடங்கி, போர் முடிந்த பிறகும் வருடக்கணக்கில் அதைத் தொடர்ந்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், அதற்கு வெளியே தோட்டத்து மரம் கலங்கித் தெரியும், ஜன்னல் விளிம்பில் ஒரு தம்ளர். அவ்வளவுதான் படம். ஒற்றைக் கையோடு பெரிய கேமராவைத் தூக்கி வைத்து எடுத்தது. நெகட்டிவைப் பெரிதாக்காமல் அதே அளவில் காகிதத்தோடு ஒட்ட வைத்துக் காப்பி போடுவது அவருக்குப் பிடித்த முறை. நெகட்டிவில் உள்ள மெல்லிய சாம்பல் நிறங்கள் ஒன்றுகூட வழியில் சிந்தாது. தொழில் தெரிந்தவர்கள் அவர் காப்பிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம், நான் நிறுத்திக்கொள்கிறேன். ஆந்த்ரே கெர்டெஸ் என்ற இன்னொருவர், 1977-இல் மனைவி எலிசபெத் இறந்த பிறகு, எண்பதைத் தாண்டிய வயதில், வீட்டு ஜன்னலோரமே போலராய்டு கேமராவால் எடுத்தார். அவள் கழுத்தையும் தோளையும் நினைவூட்டிய ஒரு சிறு கண்ணாடிச் சிலையை வாங்கி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வெவ்வேறு நேரங்களில். எடுத்ததும் படத்தைத் தானே வெளியே தள்ளும் போலராய்டு, எங்களுக்கு வேலையே வைக்காத கேமரா. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

விவியன் மேயர் விஷயத்தில் மட்டும் கட்டுரையாளருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை செய்தவர். பொருள்களைப் போட்டு வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்டாததால் 2007-இல் எல்லாம் ஏலத்துக்குப் போனபோதுதான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் ஏராளமான ரோல்கள் கழுவப்படவே இல்லை. எடுத்ததைப் பார்க்காமலே மூட்டை கட்டி வைத்தவரை என்னவென்று சொல்வது? படம் எடுப்பதே அவருக்கு வாழ்வதாக இருந்தது, பார்ப்பது தேவைப்படவில்லை என்கிறார்கள். இருக்கலாம். இருட்டறைக்காரியான எனக்குக் கழுவாத ரோல் என்றால் வயிறு கலங்கும். ஆனால் அந்தத் தெருப் படங்களில் இருக்கிற குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள். ஆயா வேலை செய்தவர் எடுத்த படங்கள் அவை. குழந்தை எப்போது அழப்போகிறது என்று தெரிந்த ஒருவர்.

என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன், கட்டுரையில் அடி வாங்கியது அவள் வயதுக்காரர்கள்தான். அவள் கையில் போன் எப்போதும் இருக்கும். என் வீட்டுக்காரர் உங்கள் பத்திரிகையை நாலாக மடித்து, பூதக்கண்ணாடியை வரிக்கு வரி நகர்த்திப் படிப்பவர். வரி முடியும் இடத்தில் கட்டை விரலை ஊன்றிக்கொள்வார். அச்சு மை ஒட்டி, நகக்கண் கறுத்திருக்கும். ஒருநாள் பேத்தி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அவர் தோளுக்கு மேலாக எடுத்தாள். படத்தில் தாத்தா முகம் இல்லை. கண்ணாடிக்குள் பெரிதாகிப்போன இரண்டு எழுத்து, கறுத்த கட்டை விரல், மேலே நரைத்த புருவத்தின் ஓரம். "முகத்தை எடுக்கலியே" என்றேன். "முகம்தான் நிறைய இருக்கே பாட்டி. இது தாத்தா படிக்கிறது" என்றாள். எடுத்த கையோடு போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றியே அவரோடு சண்டைக்குப் போனாள். வாழ்க்கையிலிருந்து வெளியேறியதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை.

அதே பேத்தியோடு எனக்குச் சண்டையும் உண்டு. போன் கேமரா ரொம்ப உபகாரம் செய்கிறது, கேட்காமலே செய்கிறது. ஒரு படம் எடுத்தோம் என்று நாம் நினைக்கிறோம், அதுவோ கண் இமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலந்து, இருட்டை வெளுத்து, தோலை வழவழப்பாக்கித்தான் கொடுக்கிறது. பகலெல்லாம் மங்கலாகவே இருக்கும் உள்ளறை படத்தில் பளிச்சென்று வந்தால், அது நாங்கள் வாழ்ந்த அறை இல்லை. அந்த மங்கல்தான் அந்த அறை. திரையில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும், அதைச் செய் என்று சொல்லிச் சொல்லி இப்போது செய்கிறாள். இன்னொன்று, சாதாரணமாகத் திறக்கும் போன் லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கிட்டப் போய் முகத்தை எடுத்தால் மூக்கு வீங்கிக் காது ஒளிந்துகொள்ளும். இரண்டடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு என்று இருப்பதை அழுத்தி எடுத்தால் ஆள் ஆளாக இருப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸை மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். கன்னத்திலும் கையிலும் கிடக்கிற சாமான் அது. பாதிப் படங்களில் தெரியும் பனிமூட்டம் வேறொன்றுமில்லை, விரல் எண்ணெய்.

பத்திரப்படுத்துவதுதான் பெரிய கவலை. பழைய கறுப்பு வெள்ளைக் காப்பியில் இருப்பது வெள்ளி. ஹைப்போ என்ற ரசாயனத்தில் நிலைப்படுத்தி, பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவியிருந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். ஹைப்போ மிச்சமிருந்தால் மஞ்சள் பூக்கும். உங்கள் தாத்தாவின் முகம் இன்னும் தெளிவாக இருக்கிறதென்றால், எங்கோ ஒரு இருட்டறையில் யாரோ தண்ணீர்க் குழாயைச் சீக்கிரம் மூடாமல் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்ணக் காப்பியில் இருப்பது சாயம், வெயில் பட்டால் வெளுக்கும். பசை தடவிய பக்கத்தில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டும் ஆல்பங்கள் இருக்கின்றனவே, அவை படத்துக்கு எமன். இன்றைய படங்களுக்கு வெயிலும் இல்லை, பசையும் இல்லை, ஆனால் அந்தச் செயலியிலிருந்து இந்தச் செயலிக்கு அனுப்பி அனுப்பிப் படம் சிறுத்துப்போகிறது, எடுத்த தேதியும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. ஆண்டுக்குக் கொஞ்சம் படங்களையாவது காகிதத்தில் போட்டு வையுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் கோடாக எழும்பும்.

கட்டுரையாளரோடு நான் முழுமையாக ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. எடுக்கப்படுகிறவரின் மனசு. வீட்டு வாழ்க்கை என்பதாலேயே எதை வேண்டுமானாலும் எடுத்து ஊருக்குக் காட்டலாம் என்று ஆகிவிடாது. ஃபிலிம் காலத்தில் அந்தக் கடைசித் துண்டை வீட்டாரும், இருட்டறையில் நானும் மட்டும்தான் பார்த்தோம். நான் யாரிடமும் சொன்னதில்லை, அது எங்கள் தொழில் தர்மம். இன்றைக்கு எடுப்பதற்கும் ஊர் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. என் மருமகள் வேலையிலிருந்து வந்து சோபாவில் அப்படியே சாய்ந்து தூங்கியதைப் பேத்தி எடுத்தாள். நல்ல படம், ஒரு காலில் இன்னும் செருப்பு இருந்தது. மருமகள் அழித்துவிடச் சொன்னாள். அழித்தாயிற்று. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவளுடைய களைப்பு அவளுடையது. குழந்தைகளுக்கு இது இன்னும் பொருந்தும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயதில் எடுத்த படங்களை, சொல்லத் தெரிந்த வயதில் அவர்கள் பார்ப்பார்கள்.

கடைசியாக உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள். வாராவாரம் பார்க்கிறேன். சூரியன் மறைகிறது, பறவை பறக்கிறது, பூவின் மேல் பனித்துளி நிற்கிறது. எதற்கும் குறை சொல்ல முடியாது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்பதைத் தவிர. அனுப்பியவர் யார், எப்படிப்பட்டவர், அந்தப் பனித்துளியைப் பார்த்துவிட்டு எங்கே போனார், ஒன்றும் தெரியாது. நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கர் 1975-இலிருந்து தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருடம் தவறாமல் ஒரே வரிசையில் நிற்க வைத்து, நாற்பது வருடங்களுக்கும் மேலாக எடுத்தார். நால்வரும் கேமராவைப் பார்த்துச் சும்மா நிற்கிறார்கள். வீட்டு மனிதர்களைத் தவிர அதில் வேறு விஷயமில்லை, உலகமே அதைப் பார்க்கிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு மூலையை மட்டும், "ரோல் முடிக்க" என்ற தலைப்பில், இந்த மாதிரிப் படங்களுக்கு ஒதுக்க முடியுமா? பரிசு வேண்டாம். பரிசு வைத்தால் உடனே எல்லோரும் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் படம் எடுப்பார்கள். படத்தில் இருப்பவர் சம்மதம் கட்டாயம் என்று போடுங்கள். படத்துக்குக் கீழே மூன்று விவரம் கேளுங்கள்: யார், எந்த வருடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். அழகான தலைப்புக் கவிதை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுதான் முதலில் வரும். பழைய நெகட்டிவ் துண்டுகளை வைத்திருக்கிறவர்கள், ஸ்கேன் செய்ய வசதியில்லை என்றால், வெள்ளைத் திரை வைத்த இன்னொரு போனின் மேல் நெகட்டிவைச் சற்று உயர்த்திப் பிடித்து எடுத்தால் போதும். திரையின் புள்ளிகள் விழாமல் இருக்க நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். நெகட்டிவாகவே அனுப்பட்டும், கறுப்பு வெள்ளையை மாற்றிப் போட உங்கள் அலுவலகத்துக் கணினியில் ஒரு பட்டன்தான்.

இடம் ஒதுக்குவதாக இருந்தால் முதல் வாரத்துக்குப் பேத்தி எடுத்த படத்தை அனுப்பி வைக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். தான் படித்துக்கொண்டிருந்தது எந்தப் பக்கம் என்பதை மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அது ராசிபலன் பக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருட்டறைத் தொழிலாளி ஒருத்தி